பக்கத்து வீட்டைத் தட்டலாமா? சுகாதார ஆய்வுக் களப்பணி பற்றி வாசகர் கேள்வி–பதில்

கோலாலம்பூரில் சுகாதார ஆய்வுகளுக்காக வீடு வீடாகச் சென்று பேட்டி எடுக்கும் வேலையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பேட்டியாளர்களைப் பயிற்றுவிக்கும் எங்கள் குழு பதில் சொல்கிறது.

என் மகளுக்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வில் களப் பேட்டியாளர் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய் ஃபாரம் நிரப்பும் வேலைக்கு எதற்கு 5 நாள் பயிற்சி?
— வாசகி, செந்தூல்

உங்கள் மகள் நிரப்பப்போகும் ஃபாரம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். நம் நாட்டின் தேசிய சுகாதார, நோய் நிலை ஆய்வு 1986-இல் தொடங்கியது. 1996, 2006 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் நடந்தது. 2011 முதல் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு தலைப்பில் நடக்கிறது. 2019 ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிக அதிகம். அந்த எண்ணை எந்த மருத்துவமனைப் பதிவேடும் தந்துவிடவில்லை. யாரோ ஒரு பேட்டியாளர், யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிய பதிலிலிருந்தும் விரல் நுனியில் எடுத்த சொட்டு ரத்தத்திலிருந்தும் வந்த எண் அது. தமிழ் பேசும் பேட்டியாளர் கிடைக்காமல் ஒரு பாட்டியின் வீடு விட்டுப்போனால், அந்தப் பாட்டி கணக்கிலேயே இல்லை.

பயிற்சியில் முதல் 2 நாள் பெரும்பாலும் கேள்வித்தாளிலேயே போய்விடும். ஒவ்வொரு கேள்வியும் எதற்காக இருக்கிறது, எந்தப் பதிலுக்கு எந்தக் கேள்விக்குத் தாவ வேண்டும் என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பேட்டி எடுப்பது, உயரமும் இடுப்பளவும் எடுத்துப் பழகுவது, சம்மதம் வாங்கும் முறை, கடைசியாக ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒத்திகை. இடுப்பளவை எடுத்துக்கொள்ளுங்கள். தையற்காரர் எடுக்கும் இடம் வேறு, ஆய்வில் எடுக்கும் இடம் வேறு. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு படிக்க வேண்டும். இருவர் ஒரே ஆளை அளந்தால் ஒரே எண் வரும்வரை பழகியாக வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். டேப்லெட், பவர் பேங்க், பேட்டரி தீர்ந்தால் எழுத காகித ஃபாரம், பதில் அட்டைகள், அனுமதிக் கடித நகல், கழுத்தில் அடையாள அட்டை, குடை, தண்ணீர். காலில் எளிதாகக் கழற்றி மாட்டும் காலணி. ஒரு நாளில் 10 வாசலில் கழற்ற வேண்டியிருக்கும். கயிறு கட்டும் ஷூ வேண்டாம்.

என் பட்டியலில் 12 வீடுகள். 4 வீடுகள் எப்போது போனாலும் பூட்டியே இருக்கின்றன. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "இங்க வந்து எடுங்க தம்பி" என்று கூப்பிடுகிறார். எடுக்கலாமா?
— வாசகர், பந்தாய் டாலாம்

எடுக்கக் கூடாது. இந்த வேலையில் எல்லாரும் முதலில் செய்யத் துடிக்கும் தவறு இதுதான். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, அதனாலேயே இது ஆபத்து.

புள்ளிவிவரத் துறை நாட்டைச் சிறு சிறு கணக்கெடுப்பு வட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வட்டத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 குடியிருப்புகள் இருக்கும். அதிலிருந்து குலுக்கல் முறையில் விழுந்தவைதான் உங்கள் 12 வீடுகள். காலை 11 மணிக்குக் கதவைத் திறப்பவர்கள் யார்? ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், உடம்பு முடியாமல் விடுப்பில் இருப்பவர்கள். பூட்டிய வீட்டில் இருப்பவர்கள் யார்? 12 மணிநேர ஷிப்டில் நிற்கும் பாதுகாவலர், மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகும் பையன், 2 வேலை பார்க்கும் அம்மா. இவர்களின் சாப்பாடும் தூக்கமும் புகைக்கும் பழக்கமும் வேறு. பூட்டிய வீட்டுக்குப் பதில் திறந்த வீடு என்று மாற்றிக்கொண்டே போனால், ஆய்வு முடியும்போது அது பகலில் வீட்டில் இருப்பவர்களின் ஆய்வாகிவிடும். கணினியில் அதைத் திருத்த வழியே இல்லை. பூட்டிய வீடு என்று நேர்மையாகக் குறித்து வைத்தால், புள்ளியியலாளர் அதற்கு ஈடுசெய்யக் கணக்கு வைத்திருக்கிறார்.

ஆகவே குறைந்தது 3 முறை போங்கள், வெவ்வேறு நேரத்தில். வேலை நாளில் பகல் ஒருமுறை, இரவு 7 மணிக்கு மேல் ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை. மூன்று தடவையும் செவ்வாய் காலை 10 மணிக்கே போய்விட்டு "3 முறை போனேன்" என்று எழுதுவதில் பயனில்லை. ஆள் இல்லாத வீடு வேறு, குடியே இல்லாத வீடு வேறு. இரண்டுக்கும் குறியீடு தனித்தனி. வாசலில் செருப்பு, காயும் துணி, சாமி விளக்கு, தபால் பெட்டியில் சேர்ந்து கிடக்கும் மின்கட்டண பில், இவற்றைப் பார்த்தாலே பாதி தெரியும். அந்த ஆன்ட்டியிடம் "இவங்க எப்ப வீட்ல இருப்பாங்க?" என்று மட்டும் கேளுங்கள். எந்த நோய் பற்றிய ஆய்வு என்று அவரிடம் சொல்லாதீர்கள். நாளைக்கு அது அந்த வீட்டுக்காரருக்கே பேச்சாகத் திரும்பும்.

வீட்டு எண்ணிலும் கவனம் தேவை. பல கொண்டோமினியங்களில் 4 என்ற எண் இருக்காது, 3-க்கு அடுத்து 3ஏ, பிறகு 5. மாடிக்கும் அப்படியே. எண்ணிப்பார்த்து "நாலாவது கதவு" என்று தட்டினால் வேறு வீட்டில் நிற்பீர்கள். கதவிலுள்ள எண்ணைப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கொண்டோவுக்கு ஒரு வாரம் முன்பே நிர்வாக அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்க வேண்டும். வாசல் பாதுகாவலரிடம் வாதாடி உள்ளே போன ஆய்வு, அன்றைக்கு 2 வீட்டோடு நின்றுவிடும்.

வீட்டில் 5 பெரியவர்கள். டேப்லெட் கணவரைத் தேர்ந்தெடுத்தது. மனைவி, "அவருக்கு ஒன்னும் தெரியாது, நானே சொல்லிடுறேன்" என்கிறார்.
— வாசகி, கெப்போங்

அவர் சொல்லும் பதிலை வாங்கிப் போடக் கூடாது. சில ஆய்வுகள் வீட்டில் தகுதியுள்ள எல்லாரையும் பேட்டி எடுக்கும். ஒருவரை மட்டும் எடுக்கும் ஆய்வில், எல்லார் வயதையும் வரிசையாக எழுதி அட்டவணைப்படி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949-இல் வகுத்த முறை அது. இப்போது டேப்லெட் அதைச் செய்கிறது. "இது குலுக்கல் மாதிரிங்க. பேரு விழுந்தவர்தான் சொல்லணும், மாத்த எனக்கு அனுமதி இல்ல. அவர் எப்ப வீட்டுக்கு வருவாரு?" என்று கேட்டு, நேரம் குறித்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.

வாடகை அறையில் இருப்பவரையும் வீட்டு வேலைக்கு இருப்பவரையும் எண்ண மறந்துவிடுகிறார்கள். யார் குடும்ப உறுப்பினர் என்பதற்கு உங்கள் கையேட்டில் விதி இருக்கும், அதன்படி கேளுங்கள். வயதில் ஐயம் வந்தால் ஐசியைப் (தேசிய அடையாள அட்டை) பாருங்கள், அதன் முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். தோட்டத்தில் பிறந்த முதியவர் சிலருக்குப் பதிவு செய்த தேதி வேறாக இருக்கலாம். அப்போது எதை எழுதுவது என்று மேற்பார்வையாளரைக் கேட்டுவிடுங்கள். ஐசியைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கவே வேண்டாம்.

கேள்வித்தாளின் தமிழ் புத்தகத் தமிழாக இருக்கிறது. பாட்டிகளுக்குப் புரிவதில்லை. நானே எளிமையாக்கிக் கேட்டால் என்ன?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் ஒவ்வொருவரும் தம் வாய்க்கு வந்தபடி எளிமையாக்கினால், 20 பேட்டியாளர் 20 கேள்வி கேட்டதாகிவிடும். முதல் முறை எழுதியிருப்பதை அப்படியே, நிதானமாகப் படியுங்கள். புரியவில்லை என்றால் மறுபடியும் அப்படியே படியுங்கள். பாதிப் பேருக்கு இரண்டாவது தடவை புரிந்துவிடும். முதல் தடவை அவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் புரியாவிட்டால், ஆய்வுக்குழு ஒப்புக்கொண்ட மாற்றுச்சொல் பட்டியலைப் பயன்படுத்துங்கள். பட்டியல் இல்லையென்றால் பயிற்சியின் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். நீரிழிவு என்றால் விழிப்பவர், "இனிப்பு நீர்" என்றதும் தலையாட்டுவார். மலாயில் "கெஞ்சிங் மானிஸ்" என்றால்தான் புரியும் என்பவரும் உண்டு. உயர் ரத்த அழுத்தத்துக்கு "ரத்தக் கொதிப்பு", "டாரா திங்கி". இவை பட்டியலில் ஏறிவிட்டால் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்வார்கள்.

சொல்லை மாற்றுவதை விடவும் கேள்வியின் வாலில் நாம் ஒட்டுவதுதான் அதிகம் கெடுக்கிறது. "நீங்க குடிக்கிறதில்லதானே?", "மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்க, இல்லீங்களா?" நம் பேச்சில் "தானே"யும் "இல்லீங்களா"வும் மரியாதைக்காகத் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும். எதிரே இருப்பவரும் மரியாதைக்காகவே "ஆமா" என்பார். போனது பதில். விவரம் போதவில்லை என்றால் எந்தப் பக்கமும் சாயாமல் தூண்டுங்கள்: "வேற ஏதாவது?", "எத்தனை நாள்னு சொல்ல முடியுமா?", "உங்க கணக்குல எது கிட்டக்க வருது?". பிறகு வாயை மூடிக்கொண்டு 5 விநாடி காத்திருங்கள். அந்த மௌனத்தில் வரும் பதில் பெரும்பாலும் சரியான பதில்.

காலக் கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. "கடந்த 7 நாட்களில்" என்பதை "போன வாரம்" என்று சொல்லிவிடாதீர்கள். போன வாரம் என்றால் பலருக்கு முந்தைய ஞாயிற்றோடு முடிந்த வாரம். "நேத்திலேர்ந்து பின்னாடி 7 நாள், அதாவது போன புதன்லேர்ந்து" என்று நாளைச் சொல்லுங்கள். அந்த நாட்களில் தைப்பூசமோ கல்யாண வீடோ வந்திருந்தாலும் அவற்றை விலக்கச் சொல்லக் கூடாது, நடந்தது நடந்தபடி.

குடி பற்றிய பதில் "சும்மா ஒன்னு ரெண்டு" என்று வரும். ஒன்று என்றால் எது? 5 விழுக்காடு சாராயச் சத்துள்ள 320 மி.லி. பீர் டின்னில் ஏறத்தாழ 12.6 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது, 640 மி.லி. பெரிய போத்தலில் அதைப்போல் இரண்டு மடங்கு. 10 கிராம் ஓர் அளவு என்று வைத்துக்கொள்ளும் ஆய்வில், "ரெண்டு" என்பது 2 டின்னானால் இரண்டரை, 2 பெரிய போத்தலானால் 5. பட அட்டையைக் காட்டி, "இதுல எது?" என்று கேளுங்கள். கள், சம்சு என்றால் கிண்ணமா, கிளாஸா, என்ன அளவு என்று எழுதிக்கொண்டு வாருங்கள், கணக்கை அலுவலகம் போடும்.

புரியாத கேள்விகளைத் தினமும் ஒரு தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். "மனச்சோர்வு" என்று படித்ததும் எத்தனை பேர் "ஆமா, உடம்பு அசதிதான்" என்றார்கள் என்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பு அப்படித்தான் திருந்தும்.

ரத்த அழுத்தம் எடுக்கும்போது முதல் தடவை 158, அடுத்தது 141, பிறகு 138 வருகிறது. மெஷின் பழுதா?
— வாசகர், செத்தாப்பாக்

பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். முதல் அளவு கூடுதலாக வருவது இயல்பு. அதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் 3 முறை, 3 நிமிட இடைவெளியில் எடுத்து, கடைசி இரண்டின் சராசரியைக் கணக்கில் கொள்கிறார்கள். உங்கள் எண்களில் அது 139.5. முதல் எண்ணை அழிக்காதீர்கள், மூன்றையும் எழுதுங்கள்.

ஆனால் கூடம் எப்படி இருந்தது என்பதையும் பாருங்கள். அளப்பதற்கு முன் 30 நிமிடம் காப்பி, தேநீர், சிகரெட் கூடாது. நம் வீடுகளில் நீங்கள் உட்கார்ந்ததும் தே வந்துவிடும், உங்களுக்குத் துணையாக அவரும் ஒரு கிளாஸ் குடிப்பார். ஆகவே உள்ளே போனதும், "அளந்து முடிச்சிட்டுக் குடிக்கிறேன் அம்மா" என்று சொல்லிவிடுங்கள், மனம் கோணமாட்டார். கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் குறைந்தது 5 நிமிடம் அமைதியாக உட்காரட்டும்; ஆய்வு 15 நிமிடம் என்றால் 15. நாற்காலியில் உட்காரவையுங்கள், தாழ்ந்த சோபா வேண்டாம். சீரியல் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். அளக்கும்போது நீங்களும் பேசாதீர்கள், அவரையும் பேசவிடாதீர்கள்.

கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்தால் அளவு ஏறத்தாழ 8 கூடும். மேசை இல்லாவிட்டால் தலையணை அடுக்குங்கள். கையில் கட்டும் பட்டையின் அளவும் முக்கியம். மேல்கையின் நடுச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. என்றால் பொதுவாக நடுத்தரப் பட்டை, அதற்கு மேல் பெரியது. உங்கள் கருவிக்குரிய அளவைப் பட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத கொதிப்பு வரும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே. இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டினால் அதுவே கையைக் கட்டிப்போடும். பெண் பேட்டியாளர் அறைக்குள் அழைத்துப்போய் வேறு உடை மாற்றச் சொல்வது மேல். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த கையிலும், மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையிலும் பட்டையே கட்டக் கூடாது. கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

விரலில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கும் பட்டைகளை மோட்டார் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு 30 டிகிரிதான் வரம்பு. குத்திய ஊசி கூர்பொருள் பெட்டிக்குள், அந்த வீட்டுக் குப்பைக்கூடைக்குள் அல்ல.

எண்ணைப் பார்த்து "உங்களுக்குக் கொதிப்பு இருக்கு" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு நாள் அளவை வைத்து மருத்துவரே அப்படி முடிவு கட்டமாட்டார். சீட்டில் எண்ணை எழுதிக்கொடுத்து, 140/90-க்கு மேல் என்றால் அரசாங்க கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். மேலே 180 அல்லது கீழே 120 தாண்டினால் சற்றுப் பொறுத்து மறுபடி எடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் இழுப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் பேட்டியை நிறுத்தி 999-ஐ அழையுங்கள். அறிகுறி இல்லை, அளவு மட்டும் மறுபடியும் அப்படியே இருக்கிறது என்றால் மேற்பார்வையாளருக்குச் சொல்லி, அன்றே பார்க்கும்படி பரிந்துரைக் கடிதம் கொடுங்கள். எந்த மாத்திரை சாப்பிடலாம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

மனநலக் கேள்வி கேட்கும்போது ஓர் அக்கா அழுதுவிட்டார். பக்கத்தில் கணவரும் இருந்தார். என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகி, வங்சா மாஜு

அந்தப் பகுதியை அவர் முன்னிலையில் தொடங்கியிருக்கவே கூடாது. ஒப்புதல் வாங்கும்போதே, "சில கேள்விகளை ஒருத்தரிடம் தனியாத்தான் கேக்கணும், அது விதி" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவையுங்கள். அடுக்களைப் பக்கமோ ஐந்தடி நடைபாதையோ கிடைத்தால் போதும். நடுவில் யாராவது வந்து உட்கார்ந்தால், காய்கறி, பழம் பற்றிய கேள்விக்குச் சட்டென்று தாவிவிடுங்கள். அந்த மாற்றுப் பக்கத்தைத் தயாராக வைத்திருப்பது, குறிப்பாக வீட்டு வன்முறை பற்றிய ஆய்வில், அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கே தேவை.

அழுதால் டேப்லெட்டைக் கீழே வையுங்கள். ஆறுதலுக்காக அறிவுரை வேண்டாம். சற்று நேரம் கழித்து, "தொடரலாமா அக்கா, நிறுத்திடலாமா, இல்ல வேற நாள் வரட்டுமா?" மூன்றும் உண்மையான வழிகளாக இருக்கட்டும்.

பல ஆய்வுகளில் வரும் 9 கேள்வி மனச்சோர்வுப் பட்டியலில் கடைசிக் கேள்வி, கடந்த 2 வாரத்தில் செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்பது. "இல்லவே இல்லை" தவிர எந்தப் பதில் வந்தாலும் அவரைத் தனியே விட்டுக் கிளம்பாதீர்கள். அங்கிருந்தே மேற்பார்வையாளரை அழைத்து, ஆய்வின் நடைமுறையைப் பின்பற்றுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929. வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே உதவி எண் 15999. போலீஸ் வருமோ என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு வெள்ளி என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகர், ஜிஞ்சாங்

நாள் கூலியோ மாதச் சம்பளமோ தருவது நல்லது என்பது எங்கள் கருத்து. முடித்த ஃபாரத்துக்கு மட்டும் காசு என்றால், பூட்டிய வீட்டுக்கு மூன்றாம் முறை போகும் செலவு உங்கள் தலையில் விழும். பக்கத்து வீட்டைத் தட்டும் ஆசை அங்கேதான் முளைக்கிறது. கையெழுத்திடும் முன் எழுத்தில் கேளுங்கள்: பேட்டி கிடைக்காத பயணத்துக்கு என்ன தருவீர்கள், பெட்ரோல், டோல், டேட்டா யார் செலவு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) கட்டுவீர்களா. ஊழியராக எடுத்தால் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. ஃபாரத்துக்கு இவ்வளவு என்னும் ஒப்பந்தங்களில் உங்களை ஊழியராகவே கருதாமல் விடுவது உண்டு, அதையும் கேட்டுத் தெளிவாகுங்கள்.

வீட்டுக்குப் போகாமலே நிரப்பினால் தெரியுமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். தெரியும். டேப்லெட் இடத்தையும் நேரத்தையும் பதிகிறது. 45 நிமிடப் பேட்டி 9 நிமிடத்தில் முடிந்திருக்கும், கையால் எழுதிய ரத்த அழுத்த எண்களெல்லாம் 0-வில் முடியும், 6 வீடுகளின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். அதோடு, பேட்டி கொடுத்தவர்களில் ஒரு பகுதியினரை மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து 4, 5 கேள்வியை மறுபடி கேட்பார்.

"ஸ்கேமர்" என்று கதவைச் சாத்துகிறார்கள்.
— வாசகி, செராஸ்

சாத்தட்டும், அவர்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதான். கேட்டுக்கு வெளியே 2 அடி தள்ளி நின்று, பெயர், நிறுவனம், எதற்காக வந்தோம் என்பதை 20 விநாடிக்குள் சொல்லுங்கள். கடிதத்தைக் கம்பி வழியே நீட்டி, அதிலுள்ள அலுவலக எண்ணுக்கு அவர்களே அழைத்துக் கேட்கட்டும் என்று காத்திருங்கள். உங்கள் போனை நீட்டாதீர்கள். வங்கிக் கணக்கு, வங்கி அனுப்பும் டாக் எண் எதுவும் கேட்கமாட்டோம் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "இப்ப நேரமில்ல" என்றால் அது மறுப்பல்ல, மறுவருகை என்று குறியுங்கள். "வேண்டாம், வராதீங்க" என்றால் அதுதான் மறுப்பு. அப்போது நன்றி சொல்லி, மறுப்பு என்று குறித்துவிட்டு, பட்டியலில் உள்ள அடுத்த வீட்டுக்குப் போங்கள்.